மார்பை எடுத்த பின் சொந்தச் சதையில் புது மார்பு

தாய்மார்களே, புற்றுநோய்க்காக மார்பை எடுத்தால் அதோடு போச்சு என்றில்லை. நம் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டே புது மார்பு அமைக்கலாம். சொந்தச் சதை, ஆகவே உடம்பு தள்ளாது. பழைய உணர்ச்சி மட்டும் முழுசாக வராது.

1982-இல் அமெரிக்க டாக்டர் ஹார்ட்ராம்ப் வெளியிட்ட முறையில் வயிற்றுத் தசையும் சேர்ந்து வரும். இதில் வயிறு பலவீனப்பட்டு, குடல் பிதுங்கக்கூடும். பிறகு வந்த முறையில் தசையை விட்டுவிட்டு, மெல்லிய இரத்தக் குழாய்களை மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள்.

பால் வாளி, செம்பனைக் குலை தூக்குகிறவரா நீங்கள்? சர்ஜனிடம் முதலிலேயே சொல்லுங்கள். "தசையை எடுப்பீங்களா, விடுவீங்களா?" என்று கேளுங்கள், வெட்கம் வேண்டாம். எந்த முறையானாலும் 6 வாரமாவது பாரம் தூக்கக்கூடாது.

சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றையும் பல வாரம் முன்பே நிறுத்துங்கள். இரத்த ஓட்டம் குறைந்தால் வைத்த சதை செத்துப்போகும்.