வகுப்பு எப்படி இருந்தது? உள்ளதைச் சொல்லுங்கள்

உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலோ அருகிலுள்ள சமூக மன்றத்திலோ அறநிறுவனம் ஒன்று நடத்தும் பாட்டு, ஓவியம் அல்லது கைவினை வகுப்புக்கு நீங்கள் போய்வரலாம். முதல் நாள் ஒரு படிவம் தருவார்கள். சில மாதங்கள் கழித்து அதே கேள்விகளை மறுபடியும் கேட்பார்கள். "பாட வந்த இடத்தில் எதற்குப் பரீட்சை?" என்று உங்களுக்குத் தோன்றலாம்.

பரீட்சை வகுப்புக்குத்தான், உங்களுக்கில்லை. நன்கொடையாகவோ மானியமாகவோ வந்த பணத்தில் வகுப்பு நடக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு மட்டும் போதாது. சிலர் காப்பிக்காகவே வருவதுண்டு (அதில் தவறேதும் இல்லை). வந்ததால் தனிமை குறைந்ததா, மனம் லேசானதா என்பது தெரிய வேண்டும்.

சிங்கப்பூரிலேயே நடந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். முதுமை மறதி நோய் வரும் அபாயம் அதிகமுள்ள மூத்தோர் 93 பேரை, குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். 47 பேர் வாரம் ஒரு மணி நேரம் சேர்ந்து பாடினார்கள். மற்ற 46 பேர் அதே அளவு நேரம் உடல்நலக் கல்வி வகுப்புக்குப் போனார்கள். இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது. 2020ல் வெளிவந்த முடிவுகளின்படி, பாடியவர்களின் நினைவாற்றல், சிந்தனைத்திறன் மதிப்பெண் சற்றே கூடியது. மற்றவர்களுடையது சற்றே இறங்கியது. ஆனால் தொடக்கத்தில் அவரவர் இருந்த நிலையையும் கணக்கில் எடுத்தபோது, அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவுக்குச் சுருங்கியது. மூளை ஸ்கேனில் வித்தியாசம் தெரியவில்லை. சேர்ந்து பாடுவது உடல்நலக் கல்விக்குக் குறைந்ததல்ல என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். 'பாடினால் மறதி வராது' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அறநிறுவனங்களால் இவ்வளவு பெரிய ஆய்வு நடத்த முடியாது. அவர்களுக்குக் கிடைப்பது உங்கள் பதில்கள்தான். நம்மில் பலர் ஆசிரியர் மனம் நோகக்கூடாதே என்று எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று குறித்துவிடுகிறோம். முதல் நாளே முழு மதிப்பெண் கொடுத்துவிட்டால், ஆறு மாதம் கழித்து அது உயர இடமேது? வகுப்பால் மாற்றம் ஒன்றும் இல்லை என்றே அறிக்கை சொல்லும். உங்களுக்குப் பிடித்த வகுப்பு அதனாலேயே நின்றுபோகலாம்.

படிவத்தில் 'நல்வாழ்வு' என்ற சொல் வரும். வசதியாக வாழ்வதைக் கேட்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். உங்கள் மனநிலையைத்தான் கேட்கிறார்கள். பரவலாகப் பயன்படும் உலகச் சுகாதார நிறுவனத்தின் படிவத்தில் ஐந்தே கேள்விகள். மனம் உற்சாகமாக இருந்ததா, தூங்கி எழுந்தபோது புத்துணர்வு இருந்ததா என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கடந்த இரண்டு வாரங்களை முழுதாக நினைத்துப் பதில் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகள் வந்துபோன அந்த ஒரு நாளை மட்டும் வைத்து அல்ல.

பாதியில் நின்றுவிட்டவர்களின் பதில் இன்னும் முக்கியம். வகுப்பு உங்களுக்குப் புரியாத மொழியில் நடந்ததா? முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லையா? பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரமா? தொலைபேசியில் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். தொடர்ந்து வந்தவர்களை மட்டும் கேட்டால் எந்த வகுப்பும் நல்ல வகுப்பாகத்தான் தெரியும்.

படிக்கச் சிரமமாக இருந்தால் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். ஆனால் வகுப்பு நடத்தும் ஆசிரியரைவிட வேறொரு தொண்டூழியர் படித்தால் மனம்விட்டுப் பேசலாம். விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாம். அடையாள அட்டை எண்ணைக் கேட்டால், ஏன் தேவை என்று விசாரியுங்கள். குறிப்பிட்ட சில சூழல்கள் தவிர, 2019 செப்டம்பர் முதல் நிறுவனங்கள் அதைப் பொதுவாகச் சேகரிக்கக்கூடாது.

இன்னொன்று. படிவத்தை வாங்கிச் செல்பவர் மருத்துவர் அல்லர். இரண்டு வாரங்களாகவே மனம் சோர்ந்தோ தூக்கமில்லாமலோ இருந்தால், அதைப் படிவத்தில் குறித்ததோடு விட்டுவிடாமல் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ நேரில் சொல்லுங்கள்.