சிறகுள்ள ஆசிரியர்கள்

நிழற்படக் கலை என்றதும், அது பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றோ, பட்டணத்துப் பயிற்சிக் கூடத்தில் படித்தவர்களுக்கே கைவரும் வித்தை என்றோ எண்ணி நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்குத் தேனி வட்டாரத்திலேயே ஒரு சான்று இருக்கிறது.

தேனிக்கு அருகில் உள்ள வெங்கடாசலபுரத்தில் பிறந்தவர் ராதிகா ராமசாமி. கணினிப் பொறியியலும் எம்.பி.ஏ.வும் படித்து, மென்பொருள் துறையில் பணியாற்றிய பெண்மணி. கேமரா கைக்கு வந்த புதிதில் மரங்களையும் மலர்களையும் படம் எடுத்துப் பழகினார். 2003-இல் ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவுக்குச் சென்றபோதுதான் பறவைகளை முதன்முதலாகப் படம் எடுத்தார். அதன் பின்னர் அதே பூங்காவுக்குத் திரும்பத் திரும்பச் சென்றார். பறவைகள் உண்பதையும் பறப்பதையும் ஊன்றிக் கவனித்தார். 2010-இல் பறவை நிழற்படக் கலையைப் பற்றி நூல் ஒன்றே வெளியிட்டார். வனவிலங்கு நிழற்படத் துறையில் உலகப் புகழ் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்று இன்று போற்றப்படுகிறார்.

அந்தப் பூங்காவின் வரலாறும் அறியத்தக்கது. ஒரு காலத்தில் அது பரத்பூர் மன்னர்களின் வேட்டைக்களம். 1938-இல் வைசிராய் லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் அங்கே சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்த இடம் பறவைகளின் புகலிடமாக மாறியதில் பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்களின் முயற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. 1985-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. துப்பாக்கி முழங்கிய இடத்தில் இன்று கேமராக்கள் காத்திருக்கின்றன!

தமிழகத்தில் இத்துறையின் முன்னோடி மா. கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே ஒரு கருவியை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். கறுப்பு வெள்ளைப் படங்களிலேயே காட்டின் உயிர்ப்பைக் காட்டினார். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்குவோர் இவரை நினைத்துக்கொள்ளலாம்.

பறவைகளிடம் பயில்வது ஏன்?

மனிதரைப் படம் எடுத்தால், "சற்றுத் திரும்புங்கள், சிரியுங்கள்" என்று சொல்லலாம். பறவை யார் சொல்லையும் கேட்பதில்லை. உருவத்தில் சிறியது; விரைவில் மிக்கது; நொடியில் பறந்துவிடும். ஆகவே வெளிச்சம், வேகம், தொலைவு, பின்னணி ஆகிய நான்கையும் ஒரே கணத்தில் கணிக்கும் பழக்கம் தானே கைவருகிறது.

ஆண்டிபட்டியைச் சுற்றியுள்ள வாசகர்களுக்குப் பாடசாலை வெகு தொலைவில் இல்லை. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை அருகிலேயே இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் வாய்க்கால்களும் இருக்கின்றன.

உழுத வயலில் நிற்கும் வெண்கொக்கைப் படம் எடுத்துப் பாருங்கள். கரிய மண்ணைக் கண்ட கேமரா வெளிச்சம் போதாது என்று எண்ணி ஒளியை மிகுதியாக உள்வாங்கும். கொக்கின் இறகுகள் தெரியாமல் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். இங்கே ஒளியளவைக் குறைக்க வேண்டும். மின்கம்பியில் அமர்ந்த இரட்டைவால் குருவிக்கோ நேர்மாறு. வானத்தின் வெளிச்சத்தால் பறவை நிழலுருவாகிவிடும். ஒளியளவைக் கூட்ட வேண்டும். புத்தகத்தில் பல பக்கங்கள் படித்தாலும் மனத்தில் தங்காத பாடத்தை இவ்விரு பறவைகளும் ஒரே காலையில் கற்பித்துவிடும்.

மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் பொறுமையைக் கற்பிக்கும். இரை தேடிப் பறந்தாலும் பெரும்பாலும் பழைய இடத்துக்கே அவை திரும்பி வரும். துரத்தி ஓடாதீர்கள், அந்தக் கிளையைக் குறிவைத்துக் காத்திருங்கள். பறக்கும் பறவையை மங்காமல் பிடிக்க, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் விரைவான வேகம் தேவை. பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும் என்பதை அறிந்தால் எந்தப் பக்கம் பறக்கும் என்பதையும் ஊகிக்கலாம்.

புல்தரையில் கொண்டையை விரித்து நடக்கும் கொண்டலாத்தியைக் கண்டிருப்பீர்கள். சுலைமான் நபி (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டின் செய்தி கொணர்ந்ததாகத் திருக்குர்ஆன் கூறும் ஹுத்ஹுத் அதுவே. அதனை நின்றபடி எடுத்தால் முதுகுதான் தெரியும். தரையில் அமர்ந்து அதன் கண் மட்டத்துக்குத் தாழ்ந்தால்தான் படத்தில் உயிர் இருக்கும். கண் தெளிவாக இருந்தால் மற்ற குறைகள் மன்னிக்கப்படும்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம்

வெளியே செல்ல இயலாத இல்லத்தரசிகளும் மாணவிகளும் வருந்த வேண்டாம். மொட்டை மாடியிலோ கொல்லையிலோ மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். சில நாட்களில் சிட்டுக்குருவியும் மைனாவும் வரத் தொடங்கும். ஜன்னல் திரைக்குப் பின்னால் அசையாமல் அமருங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். காலையில் முதல் இரண்டு மணி நேரத்து இளவெயிலே சிறந்தது.

பிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்கள்தாம். ஒவ்வொன்றுக்கும் காசு என்பதால் யோசித்தே எடுத்தார்கள். இன்று டிஜிட்டல் கேமராவில் அந்தச் செலவு இல்லை. ஆயினும் யோசிக்கும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. நூறு படம் எடுத்தால் மாலையில் அமர்ந்து, ஏன் கெட்டது, ஏன் நன்றாக வந்தது என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பேடே உங்கள் ஆசிரியர்.

மறக்கக் கூடாத எல்லை

ஆர்வம் அளவு கடந்தால் கலையே கொடுமையாகிவிடும். நல்ல படத்துக்காகக் கூட்டருகே செல்வோரும், மறைக்கும் இலைகளை ஒடிப்போரும் உண்டு. தாய்ப்பறவை அஞ்சி அகன்றால் முட்டைகள் வெயிலில் கெடும். மறைவு நீங்கிய குஞ்சுகளைக் காகம் கொத்திச் செல்லும். ஒரு படத்தின் விலை ஒரு குடும்பமா? காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் அழிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். பறவை இரை உண்பதை நிறுத்திவிட்டு உங்களையே உற்றுப் பார்த்தால், மேலும் நெருங்காதீர்கள், பின்வாங்குங்கள்.

எனவே பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கேமராவைக் கேட்டால், "இதனால் என்ன பயன்?" என்று உடனே மறுத்துவிடாதீர்கள். முதலில் பத்துப் பறவைகளின் பெயரையும் பழக்கத்தையும் அறிந்து வரச் சொல்லுங்கள். சாலிம் அலி 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பல பதிப்புகள் கண்டு இன்றும் வாசிக்கப்படுகிறது. பறவையை அறிந்த கண்ணுக்கே கேமரா துணை நிற்கும். அறியாத கைக்கு எத்தனை விலையுயர்ந்த கருவி கிடைத்தாலும் அது வெறும் பெட்டியே!