கேஷும் காசும்

ஆங்கிலத்தில் ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் சொல், நம் 'காசு' என்னும் சொல்லின் திரிபே என்னும் கருத்துத் தமிழ்நாட்டில் பரவலாக வழங்குகின்றது. மேடைகளில் இது பெருமிதத்தோடு கூறப்படுகின்றது. மாணவர்தம் கட்டுரைகளிலும் விடைத்தாள்களிலும் ஐயத்திற்கு இடமில்லாத உண்மைபோல் எழுதப்படுகின்றது. ஓசை ஒப்புமையும் பொருள் ஒப்புமையும் ஒருங்கே வாய்த்தமையால் கேட்டார் எளிதில் உடன்பட்டுவிடுகின்றனர். கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகிய நம் சொற்கள் ஆங்கிலத்தில் ஏறியிருப்பது மெய்ப்பிக்கப்பட்ட செய்தியாதலின், காசினையும் அவ்வரிசையில் சேர்ப்பது இயல்பாகவே தோன்றுகின்றது. ஆயினும், இக்கூற்றில் ஒரு பகுதி மெய். மற்றொரு பகுதி பிழை. எப்பகுதி மெய், எப்பகுதி பிழை என்பதைப் பிரித்துக் காட்டாதவரை, மெய்யான பகுதியையும் பிறர் ஏற்கமாட்டார்.

ஒரு சொல் பல பொருள் தருதல் வேறு. வெவ்வேறு சொற்கள் ஓசையால் ஒன்றுபட்டு நிற்றல் வேறு. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லைப் பற்றிப் பேசுகின்றார். வரலாற்று முறையில் சொற்களை ஆராயும் இக்காலத்தவர் மேலும் ஒரு படி சென்று, அப்பல பொருளும் ஒரு வேரினின்று கிளைத்தனவா, பல வேர்களினின்று வந்து ஓரிடத்தில் கூடினவா என்று வினவுவர். காசு என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பொன், பொன் நாணயம், மணி, மேகலையில் கோத்த மணி, செப்பு நாணயம், பொதுவாகப் பணம் என்னும் பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்தவை என்பது வெளிப்படை. வெண்பாவின் ஈற்றுச்சீருக்குரிய நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள்ளும் இச்சொல் இடம்பெற்றது. ஆனால் சிலப்பதிகாரத்து மனையறம்படுத்த காதையில் கோவலன் கண்ணகியைப் புகழுமிடத்துக் காசு என்பது குற்றம் என்னும் பொருளில் நிற்கின்றது. பொன்னும் குற்றமும் ஒரு வேரினின்று பிறந்தன என்று கொள்ள எவரும் துணியார். அகராதியில் அவை இருவேறு சொற்களாகவே நிற்றல் வேண்டும்.

ஆங்கிலக் 'கேஷ்' என்பதும் அத்தகையதே. விரிவான ஆங்கில அகராதிகள் இதனை இருவேறு பெயர்ச்சொற்களாகப் பிரித்துக் காட்டுகின்றன. முதலாவது, நாம் நாள்தோறும் கேட்கும் ரொக்கப் பணம். இரண்டாவது, இந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறு நாணயம் ஒன்றன் பெயர். மேடையில் முழங்குவோர் முதலாவதைச் சொல்லி இரண்டாவதன் வரலாற்றை அதற்குப் பொருத்திவிடுகின்றனர்.

முதற் சொல்லின் மூலம் இலத்தீன் மொழியிலுள்ள 'கப்சா' என்பது. (நம் பேச்சுவழக்கில் பொய்யைக் குறிக்கும் கப்சாவோடு இதனை உறவுபடுத்துவார் இனித் தோன்றாதிருப்பாராக.) பெட்டி என்பது இதன் பொருள், உரோமர் ஏட்டுச் சுருள்களை இட்டுவைக்கும் உருளைப் பெட்டிக்கு இப்பெயர் வழங்கினர். கொள்ளுதல், பற்றுதல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த இச்சொல், இத்தாலியத்தில் 'கஸ்ஸா' எனவும், பிரெஞ்சில் 'கெஸ்' எனவும், போர்த்துக்கீசியத்தில் 'கைஷா' எனவும் திரிந்தது. மருந்து அடைக்கும் 'காப்சூல்' இதன் சிறுமைப் பெயர். பாட்டுப் பதியும் 'காசெட்' இதன் வழிவந்தது. உறையையும் கூட்டையும் குறிக்கும் ஆங்கிலக் 'கேஸ்' என்பதும் இதன் உறவே.

இத்தாலிய வணிகரின் கணக்கு முறையே ஐரோப்பா முழுவதற்கும் வழிகாட்டியாய் இருந்த காலத்தில், பணப்பெட்டியைக் குறித்த சொல்லும் அம்முறையோடு பரவிற்று. ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது 'கேஷ்' என வழங்கலாயிற்று. தொடக்கத்தில் பெட்டி, பின்னர்ப் பெட்டியிலுள்ள பணம் என்று பொருள் நகர்ந்தது. நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில் இச்சொல்லுக்குப் பொருள் கூறுங்கால், பெட்டியிலோ கையிலோ உள்ள பணம் என்று குறித்தமை, பெட்டியின் நினைவு அக்காலத்தும் முற்றும் மறையவில்லை என்பதைக் காட்டும். பின்னர்ப் பெட்டி மறைந்தது, பணம் நின்றது. கடனுக்கு மறுதலையான உடன் பணம், காசோலைக்கு மறுதலையான கைப்பணம், பொதுவாகப் பணம் என்று மேலும் கிளைத்தது. விற்றுப் பணம் ஈட்டுவதற்கென்றே விளைவிக்கும் பயிரை நாம் பணப்பயிர் என்பதும் ஆங்கிலத்தார் இச்சொல்லை ஆண்ட முறையைத் தழுவியதே.

இனிக் காலத்தை நோக்குவோம். சொற்பிறப்பு ஆராய்ச்சியில் ஓசையினும் காலமே வலிய சான்று. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி பட்டயம் பெற்றது 1600-ஆம் ஆண்டின் இறுதி நாளில். அவர்கள் சோழமண்டலக் கரைக்கு வடக்கே மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தது 1611-இல். சென்னையில் நிலம் பெற்றது 1639-இல். ஆனால் 1599-ஐ ஒட்டி இயற்றப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்திலேயே கீழ்நிலை மாந்தர் வாயில் 'கேஷ்' என்பது கைப்பணம் என்னும் பொருளில் சரளமாக வருகின்றது. நாடகம் காண வந்த இலண்டன் மக்களுக்கு அதனை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு முந்திய ஆண்டாகிய 1598 நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. அவ்வாண்டில் இலண்டனில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, ஜான் புளோரியோ தொகுத்த இத்தாலிய ஆங்கில அகராதி. அது 'கஸ்ஸா' என்பதற்கு விளக்கம் தரும்போது வணிகரின் 'கேஷ்' என்று ஆங்கிலத்தில் எழுதுகின்றது. ஈண்டுக் குறிக்கப்படுவது பணப்பெட்டி. மற்றொன்று, லின்ஸ்கோட்டன் என்னும் டச்சுக்காரர் எழுதிய கீழ்நாட்டுப் பயண நூலின் மொழிபெயர்ப்பு. ஜாவாத் தீவின் மேற்குப் பகுதியாகிய சுந்தாவில் 'கைஷா' என்னும் செப்பு நாணயம் வழங்குவதையும், அதன் நடுவே துளையிட்டுக் கயிற்றில் கோத்து வைப்பதையும் அது கூறுகின்றது. ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரு நூல் 'கேஷ்' என்பதைத் தெரிந்த சொல்லாகக் கொண்டு பிறசொல்லை விளக்குகின்றது. மற்றது 'கைஷா' என்பதைத் தெரியாத பொருளாகக் கொண்டு அதனையே விளக்குகின்றது. இவ்விரண்டும் ஒரு சொல்லாயின் இங்ஙனம் நிகழ்ந்திராது.

சுந்தாவில் போர்த்துக்கீசியர் 'கைஷா' என்றது எதனை? இவ்வினாவே நம்மை இரண்டாம் சொல்லிடத்துக் கொண்டு செல்கின்றது. தமிழுக்கு உரிய பங்கும் இங்கேதான் உள்ளது. யூல், பர்னல் என்னும் அறிஞர் இருவர் 1886-இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் ஆங்கில இந்தியச் சொல்லகராதி, போர்த்துக்கீசியர் நம் 'காசு' என்பதையே 'கைஷா' ஆக்கினர் என்றும், அதிலிருந்து ஆங்கிலேயர் 'கேஷ்' என்னும் நாணயப் பெயரைப் பெற்றனர் என்றும் கூறுகின்றது. கொங்கணி வடிவம் ஒன்று இடைநின்றிருத்தலும் கூடும் என்று ஒரு தடையையும் சேர்த்துக் கூறுகின்றது. காசு மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய மொழிகளிலும் வழங்கும் சொல். 'கர்ஷ' என்னும் வடமொழி எடைப்பெயரோடு இதற்கு உறவு கூறுவாரும் உளர். அவ்வழக்கு ஈண்டைக்கு வேண்டுவதன்று.

போர்த்துக்கீசியர் 'காசு' என்பதைக் 'காசு' என்றே எழுதியிருக்கலாம். அவர்கள் 'கைஷா' என்று எழுதியதற்குக் காரணம், பெட்டியைக் குறிக்கும் 'கைஷா' என்னும் சொல் ஏற்கெனவே அவர்கள் நாவில் இருந்தமையே என்பது எம் துணிபு. அயற்சொல்லைக் கேட்டவுடன், தாம் அறிந்த சொல்லொன்றன் வடிவில் அதனை வார்த்துக்கொள்ளுதல் எல்லா மக்கட்கும் இயல்பு. இங்ஙனம் இலத்தீன் பெட்டியும் தமிழ்க் காசும் முதன்முதலில் சந்தித்தது இலண்டனில் அன்று; கீழ்க்கடல்களில் திரிந்த போர்த்துக்கீசிய மாலுமிகளின் வாயில். பிற்காலத்தார்க்கு நேர்ந்த மயக்கத்திற்கு வித்து அங்கே ஊன்றப்பட்டது.

பெயரை ஏற்றபின் போர்த்துக்கீசியர் அதனைத் தமிழ்நாட்டு நாணயத்தோடு நிறுத்தவில்லை. கிழக்கே சென்றவிடமெல்லாம், மதிப்பிற் குறைந்த சிறு நாணயம் எதனைக் கண்டாலும் அப்பெயரால் அழைத்தனர். சீனத்தில் வட்ட வடிவும் நடுவிற் சதுரத் துளையும் உடைய செப்பு நாணயம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிற்று. சீனர் அதற்கு இட்ட பெயர் வேறு. அவர்கள் 'சியென்' என்பர். ஆயினும், ஆங்கில நாணயவியல் நூல்களில் இன்றளவும் அது சீனக் 'கேஷ்' என்றே குறிக்கப்படுகின்றது. ஆங்கிலச் சொல் எல்லாம் தமிழே என்று முழங்குவோர் இவ்வரிய செய்தியைச் சொல்லக் கேட்டதில்லை.

தமிழ்நாட்டிலும் இதன் வரலாறு சுவையானது. முதல் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு என்பது கோயிலுக்கு அறக்கட்டளையாக வைத்து வட்டி பெறத்தக்க உயர்ந்த நாணயம். ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி என்னும் கணக்கும் அங்குக் காணப்படுகின்றது. ஐரோப்பியர் வந்த காலத்தில் அது கடைநிலைச் செப்புக்காசாகத் தாழ்ந்திருந்தது. சென்னையில் கம்பெனியார் வழங்கிய கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். எனவே, ஒரு வராகனுக்கு 3,360 காசு. பணம் என்பதையும் அவர்கள் 'பானம்' எனத் திரித்தே வழங்கினர். 1803-இல் சென்னைக்கென இங்கிலாந்தில் அச்சிட்ட செப்பு நாணயத்தில் '20 கேஷ்' என்னும் மதிப்பு உரோம எண்ணோடு பொறிக்கப்பெற்றது. அதே புறத்தில், இருபது காசு நான்கு பலூசு என்று பாரசீகத்தில் எழுதியிருந்தது. வாங்குவோரும் விற்போரும் தமிழும் தெலுங்கும் பேசுவோராய் இருக்க, இவ்விரு எழுத்தையும் படிக்கவல்லார் கடைத்தெருவில் எத்துணைப் பேர் இருந்திருப்பர்? 1818-இல் ரூபாய்க் கணக்கு நிலைபெற்றதும் சென்னையில் இந்நாணயக் கணக்கு ஒழிந்தது. தரங்கம்பாடியில் ஆண்ட டேனியர் 1845-இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்கும் வரையில் 'காஸ்' என்று பொறித்த நாணயங்களை வெளியிட்டு வந்தனர். திருவிதாங்கூரில் 20-ஆம் நூற்றாண்டிலும் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்னும் கணக்கு நிலவிற்று. அந்நாணயத்திலும் ஆங்கில எழுத்தில் இருந்தது இந்த இரண்டாம் 'கேஷ்' தான்.

ஓசை மயக்கம் இவ்விரண்டோடு முடியவில்லை. பணம் பெறும் அலுவலரைக் குறிக்கும் 'கேஷியர்' பெட்டிச் சொல்லின் வழித்தோன்றல். படையினின்று ஒருவனை இழிவுபடுத்தி நீக்குதலைக் குறிக்கும் 'கேஷியர்' என்னும் வினையோ, உடைத்தல், நீக்குதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து டச்சு வழியாக வந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் இது பயில்கின்றது. மறைத்துவைத்த பொருளைக் குறிக்கும் 'கேஷ்', ஒளித்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையடியாகப் பிறந்தது. ஒலிப்பில் பணத்தோடு சிறிதும் வேறுபாடில்லை. முந்திரிக்கொட்டைக்குரிய ஆங்கிலப் பெயரைக் காசோடு இணைத்துப் பேசுவாரும் உளர். அது பிரேசில் நாட்டுத் தூப்பி மொழிச் சொல். அதனையும் கொண்டுவந்தவர் போர்த்துக்கீசியரே.

ஆங்கிலத்தின் முதற் 'கேஷ்' பின்னர்த் தமிழ்ப் பேச்சிலும் புகுந்தது. கடையில் பொருளை எடுத்தபின், "கேஷில் கட்டிவிடுங்கள்" என்கின்றார் விற்பனையாளர். பணத்தின் பெயர், பணம் பெறும் இடத்திற்கு ஆகிவந்தமையின் இது தானியாகுபெயர். பிரெஞ்சுக்காரர் தம் கடைகளில் பணம் செலுத்துமிடத்தை 'கெஸ்' என்றே வழங்குகின்றனர். அங்குப் பெட்டியின் பெயரே நேராக இடத்திற்கு ஆயிற்று. ஆங்கிலத்தில் பெட்டியினின்று பணமாகிய சொல், நம் விற்பனையாளர் வாயில் மீண்டும் பெட்டி இருக்குமிடத்தைச் சென்றடைந்திருக்கின்றது.