சாதிக்காய்த் தீவும் ஒரு கப்பற்படைத் தளபதியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (தாவரவியல்)

கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கச் சாதிக்காய் வைத்திராத வீடு எங்கள் கீழப்பாவூரில் குறைவு. குற்றாலத்து மலைத் தோட்டங்களிலே சாதிக்காயும் கிராம்பும் காய்க்கின்றன. சாரல் காலத்தில் மங்குஸ்தான் கடை வீதிக்கு வருகிறது. ஆனால் இவற்றுள் ஒன்றேனும் பொதிகைக்குப் பிறப்புரிமை உடையதன்று. (காட்டுச் சாதிக்காய் நம் மலையில் உண்டு, அதற்கு அந்த மணம் கிடையாது.) சாதிக்காயின் தாயகம் இங்கிருந்து ஏறத்தாழ 6,000 கிலோ மீட்டர் கிழக்கே, இன்றைய இந்தோனேசியாவில் கடலுக்கு நடுவே கிடக்கும் பாண்டா என்னும் சின்னஞ்சிறு தீவுக் கூட்டம். அந்த மரம் நம் மலைக்கு வந்த கதையைத் தேடிப் போனால், பீட்டர் ரெயினியர் என்ற ஆங்கிலக் கப்பற்படைத் தளபதியின் வாழ்க்கை வரலாறு எதிர்ப்படுகிறது.

ரெயினியர் 1741இல் இங்கிலாந்தின் சாண்ட்விச் என்னும் துறைமுக நகரில் பிறந்தவர். பதினைந்து வயது நிரம்புமுன் 1756இல் கப்பலேறினார். நம் கடல் அவருக்குப் புதிதன்று. 1782, 1783ஆம் ஆண்டுகளில் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர் ஆகிய ஊர்களுக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனுடன் ஆங்கிலக் கடற்படை நடத்திய போர்களில், ‘பர்போர்டு’ என்ற கப்பலின் தலைவராக இருந்தவர் அவர். 1782 சனவரியில் ஆங்கிலேயர் திரிகோணமலையைப் பிடித்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் அதைச் சுஃப்ரன் பறித்துக்கொண்டதும் அவர் காலத்தில், அவர் இருந்த படைக்கு நேர்ந்தவை. கீழைக் கடல்களுக்குத் தளபதியாக 1794இல் அவர் வந்தபோது, அந்தத் துறைமுகத்தின் அருமையை வேறொருவர் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாய்ப்பு விரைவிலேயே வந்தது. 1795 சனவரியில் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஆலந்து நாட்டினுள் புகுந்தது. அந்நாட்டின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் இங்கிலாந்துக்கு ஓடினார். அங்கே கியூ என்னும் ஊரிலிருந்து தம் நாட்டுக் குடியேற்றங்களின் ஆளுநர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். ஆங்கிலப் படையை நண்பர்களாக ஏற்று, பிரெஞ்சுக்காரர் கைப்பற்றாதபடி பாதுகாக்கச் செய்யுங்கள் என்பது அவற்றின் சாரம். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துப் போவது போன்ற ஏற்பாடு! இந்தச் சாவிதான் இலங்கையைத் திறந்தது.

1795 ஆகஸ்டில் ரெயினியரின் கப்பல்களும், கர்னல் ஸ்டூவர்ட்டின் கீழ்த் தரைப்படையும் திரிகோணமலை சென்றன. அப்படையில் வெள்ளையரோடு சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் இருந்தனர். அவர்கள் எந்தெந்த ஊர்ப் பிள்ளைகளோ! தளபதிகளுக்கு வரலாற்று நூல்களில் பெயர் இருக்கிறது. சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது. ‘டயோமீட்’ என்ற போர்க்கப்பல் பாறையில் மோதித் தளவாடங்களுடன் மூழ்கியது, ஆட்கள் பிழைத்தனர். ஆகஸ்டு 26இல் கோட்டை பணிந்தது. செப்டம்பரில் யாழ்ப்பாணமும், 1796 பிப்ரவரியில் கொழும்பும் வீழ்ந்தன. 1795இலேயே ஆலந்தர் வசமிருந்த நம் தூத்துக்குடியும் கைமாறிற்று.

கொழும்பு வீழும்வரை ரெயினியர் காத்திருக்கவில்லை. அக்டோபரிலேயே சென்னையிலிருந்து கிழக்கே புறப்பட்டுவிட்டார். 1796 பிப்ரவரியில் கிராம்புத் தீவான அம்பாய்னாவும், மார்ச்சு 8இல் பாண்டாவும் அவரிடம் சரணடைந்தன. இந்தப் பாண்டாவில் 1621ஆம் ஆண்டு ஆலந்துக் கம்பெனி செய்த கொடுமையை மறக்க இயலாது. ஏறத்தாழ 15,000 பேராக இருந்த மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், அல்லது நாடு கடத்தப்பட்டனர். அடிமைகளைக் கொண்டு சாதிக்காய்த் தோட்டங்கள் நடத்தப்பட்டன. விதை வெளியே முளைத்துவிடலாகாது என்று காயைச் சுண்ணாம்பில் தோய்த்தே விற்றனர்.

அம்பாய்னாக் கிடங்கில் 5,15,940 பவுண்டு எடையுள்ள கிராம்பு இருந்தது. பாண்டாவில் 84,777 பவுண்டு சாதிக்காயும், 19,587 பவுண்டு சாதிபத்திரியும் இருந்தன. கருவூலப் பணம் தனி. கப்பல் தலைவர் ஒவ்வொருவருக்கும் 15,000 பவுன் பங்கு கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது. பாதுகாக்க வந்தவர்கள் பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1802இல் அமியென் உடன்படிக்கை ஏற்பட்டது. இலங்கைக் கடலோரத்தை ஆங்கிலேயர் தம்மிடமே வைத்துக்கொண்டனர். 1948 வரை விடவில்லை. வாசனைத் தீவுகளை ஆலந்தருக்கே திருப்பிக் கொடுத்தனர். துறைமுகம் வேண்டும், தோட்டம் வேண்டாம் என்று துறந்தார்களோ என்றால், அதுதான் இல்லை. இடைப்பட்ட ஆறேழு ஆண்டுகளில் கம்பெனியின் தாவர வல்லுநர் கிறிஸ்டோபர் ஸ்மித் என்பவர் பல்லாயிரம் கன்றுகளை அத்தீவுகளிலிருந்து வெளியேற்றிவிட்டார். பினாங்குக்குப் பெரும்பகுதி போயிற்று. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் குற்றாலத்திலும் கம்பெனி வாசனைத் தோட்டம் போட்டது. கட்டபொம்மன் தூக்கிலேறிய 1799ஐ ஒட்டிய காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரே கை தூக்குக் கயிற்றையும் கன்றையும் பிடித்திருந்தது புரியும்.

இது எளிய வேலையன்று. சாதிக்காய் விதை காய்ந்தால் முளைக்காது. மண்ணோடு பெட்டியில் வைத்தே கடல் கடக்க வேண்டும். மேலும் அந்த மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. நட்டு ஆறேழு ஆண்டு கழித்துப் பூத்தால்தான் இன்னதென்று தெரியும். எங்கள் பக்கத்தில் ஆண் பனை வளர்த்தவர்களுக்கு இந்த வருத்தம் விளங்கும்.

ரெயினியர் 1805 வரை இப்பதவியில் இருந்தார். 1807இல் சொந்த ஊருக்குப் பாராளுமன்ற உறுப்பினரானார், 1808இல் இறந்தார். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பவுன் சொத்து. அதில் பத்தில் ஒரு பங்கை இங்கிலாந்தின் தேசியக் கடனைக் குறைக்க எழுதிவைத்தார். அமெரிக்காவில் 4,392 மீட்டர் உயரமுள்ள ஓர் எரிமலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நண்பர் வான்கூவர் 1792இல் இட்ட பெயர் அது. அங்கிருந்த பழங்குடியினர் அதை ‘தஹோமா’ என்றனர்.

பாண்டாவை ஆங்கிலேயர் 1810இல் மீண்டும் பிடித்து, 1817இல் மீண்டும் கொடுத்தனர். கொண்டுபோன கன்றுகளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.