நாலு ஊர், ரெண்டு பேர், ஒரு நாள் லீவு!

கல்யாணமாகி ரெண்டு வருஷம். ரெண்டு பேருக்கும் ஆபீஸ். வீட்டில் பேச்சு என்றால், 'கேஸ் புக் பண்ணியாச்சா?', 'கரண்ட் பில் கட்டியாச்சா?'... அவ்வளவுதானா? அப்படியென்றால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான் சார்!

ஒரே ஒரு திங்கட்கிழமை லீவு போதும். கும்பகோணம், தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை. சனி, ஞாயிறோடு சேர்த்து மூணு நாள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பேப்பரை எடுத்து இருபது கோயில், பதினைந்து ஓட்டல் என்று லிஸ்ட் போடாதீர்கள். அது டூர் இல்லை, ஸ்டாக் வெரிஃபிகேஷன்! ஊருக்கு ஓர் இடம், ஒரு நல்ல சாப்பாடு. கோயில்களும் இதற்கு ஒத்துழைக்கின்றன. மதியம் 12, 12.30-க்கு நடை சாத்தினால் பெரும்பாலும் 4 மணிக்குத்தான் திறப்பு. நடுவில் உள்ள நேரம் சாப்பிட, தூங்க, முக்கியமாகப் பேச!

ரயில் ரிசர்வேஷன் 60 நாள் முன்பே ஆரம்பம். டிக்கெட் வாங்கிவிட்டு அப்புறம் பாஸிடம் லீவு கேளுங்கள். வரிசை மாறக்கூடாது!

சனி: சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் கிளம்பினால் விடியும்போது கும்பகோணம். பித்தளை டபராவில் டிகிரி காபி. இட்லிக்குக் கடப்பா. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு போட்ட அந்த ஊர் குழம்பு. பக்கத்திலேயே தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயிலில் கல் தேரையே குதிரை இழுக்கிறது. சாயங்காலம் 40 கி.மீ. தள்ளி தஞ்சைப் பெரிய கோயில். 1010-ல் முடிந்தது. "விமான நிழல் தரையில விழாதாமே" என்று யாராவது சொல்வார்கள். விழும். புல்தரையில் உட்கார்ந்து ரெண்டு பேரும் அதைப் பற்றிச் சண்டை போடலாம். கரண்ட் பில் சண்டையைவிட இது எவ்வளவோ மேல்!

ஞாயிறு: சுமார் 100 கி.மீ.யில் காரைக்குடி. அங்கே வாடகை கார் பேசிக்கொண்டு ஆத்தங்குடி போங்கள். கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, கையாலேயே டைல்ஸ் செய்கிறார்கள். சூளை கிடையாது. பளபளப்பு கண்ணாடி கொடுப்பது. கானாடுகாத்தானில் பர்மா தேக்குத் தூண் வைத்த வீடுகள். மதியம் செட்டிநாட்டுச் சாப்பாடு, கடைசியில் கவுனி அரிசி இனிப்பு. 5 மணிக்குக் கிளம்பினால் இருட்டும்போது மதுரை.

மீனாட்சி கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. வெளியே ஒப்படைத்துவிட வேண்டும். கவலைப்படாதீர்கள், அந்த ஒரு மணி நேரம் மனைவி முகத்தைப் பார்க்கலாம்! தினமும் ராத்திரி சுந்தரேஸ்வரர் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்கு எழுந்தருளுவார். அதைப் பார்க்காமல் வராதீர்கள். வெளியே வந்தால் சுடச்சுடக் கறிதோசை. சைவமா? இட்லிக்குக் கலர் கலராய்ச் சட்னி காத்திருக்கும்.

திங்கள்: நிதானமாக எழுந்து திருமலை நாயக்கர் மகால், ஒரு ஜிகர்தண்டா, ராத்திரி ரயில்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ். வேலை மலைபோல் குவிந்திருக்கும். இருக்கட்டும். சாயங்காலம் நேரத்தோடு வீட்டுக்குக் கிளம்புங்க சார். உலகத்தையே கட்டி மேய்க்கிற சுந்தரேஸ்வரரே தினமும் போகிறார்!