மீந்த நூலும் மரத்த பாதமும்

எங்கள் நீரிழிவுப் பாதநலப் பிரிவுக்கு நீலகிரியிலிருந்து வருவோர் பலர். பேருந்திலோ மலை இரயிலிலோ மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை வந்து மருத்துவரைக் கண்டு வீடு திரும்புவதற்குள் அவர்களுக்கு ஒரு முழு நாள் கழிந்துவிடுகிறது. அந்த நேரத்தைச் சிலர் உறங்கிக் கழிக்கின்றனர். சிலர் கவலையில் கழிக்கின்றனர். குளிர் நிறைந்த ஊர்களில் வளர்ந்த பெண்கள் சிலரோ, துணிப்பையைத் திறந்து ஊசியையும் நூலையும் கையில் எடுத்துக்கொள்கின்றனர்.

அவர்களுள் ஒரு தாயாரை நாங்கள் நன்கு அறிவோம். பேரக்குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் பின்னியபின் மீந்த சிறு சிறு நூல்கண்டுகளைக் கொண்டு, தம் கணவருக்குப் பயணத்தின்போதே காலுறை பின்னுவது அவரது வழக்கம். ஒரு காலுறையில் ஐந்தாறு வண்ணங்கள் இருக்கும். எங்கள் செவிலியர்கள் அவற்றை வியந்து பாராட்டியிருக்கின்றனர்.

ஒருநாள் அக்காலுறையைக் கழற்றியபோது, கணவரின் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் இருந்தது. காலுறையை உட்புறம் வெளியே திருப்பிப் பார்த்தோம். புண்ணுக்கு நேராக, நீல நூலும் மஞ்சள் நூலும் சேரும் இடத்தில், மிளகளவு ஒரு முடிச்சு. “எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே” என்றார் அவர். அந்தத் தாயாரின் முகம் வாடியது. “நான் போட்ட முடிச்சா, டாக்டர்?” என்று கேட்டார்.

ஆம் என்றே சொன்னோம். இரண்டு ஆண்டுகளாகச் செருப்பைப் பற்றி விசாரித்துவந்த நாங்கள் ஒருநாளும் காலுறையைத் திருப்பிப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னோம். தவறு அவருடையது மட்டுமன்று. புண் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. இக்கட்டுரை அந்த முடிச்சிலிருந்து நாங்கள் கற்றது.

சிறு முடிச்சு ஏன் புண்ணாகிறது?

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் பாத நரம்புகள் பழுதடைகின்றன. உணர்ச்சியுள்ள பாதத்தில் ஒரு முடிச்சு உறுத்தினால் நாலடி நடப்பதற்குள் காலுறையைச் சரிசெய்துகொள்வோம். மரத்த பாதத்தையுடையவர் அம்முடிச்சின்மேல் நாள் முழுதும் நடக்கிறார். ஒரே இடத்தில் அழுத்தம் தொடர்ந்து விழ, தோல் சிவந்து, கொப்புளமாகி, புண்ணாகிறது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அது ஆறுவதற்கு நாட்கள் கூடும். இதனால்தான் 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் உங்கள் பாதத்தைத் தொட்டுப் பரிசோதிக்கிறோம்.

இதைக் கேட்டு, இனிக் காலுறையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட வேண்டாம். மலையூர்க் குளிரில் பாதத்துக்குக் கதகதப்பு தேவை. மரத்த பாதத்தைக் கரியடுப்பின் அருகில் நீட்டுவதும், வெந்நீர்ப் பையின்மேல் வைப்பதும் தீக்காயத்தில் முடிந்திருக்கின்றன. அவற்றைவிட முறையாகப் பின்னிய காலுறை பாதுகாப்பானது.

மீந்த நூலைப் பயன்படுத்தும் முறை

மெல்லிய நூலில் பெரியவர் ஒருவரின் ஒரு காலுறைக்குச் சுமார் 50 கிராம் தேவைப்படும். மீந்த கண்டுகளைச் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒவ்வொரு வண்ணத்தையும் இரு சம பாகமாகப் பிரித்துக்கொண்டால் இரு காலுறைகளும் இணையாக அமையும்.

பாதம் படும் பகுதி முழுவதையும் இணைப்பே இல்லாத ஒரே நூலால் பின்னுங்கள். வெளிர் நிறமாயின் மிக நன்று. புண்ணில் நீரோ இரத்தமோ கசிந்தால் கறை உடனே தெரியும். பல வண்ணத் துண்டுகளைக் கணுக்காலுக்கு மேலுள்ள பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் தொடங்கி மேல்நோக்கிப் பின்னுவது இதற்கு ஏற்ற முறை. நூல் தீரும் இடத்தில் முடித்துக்கொள்ளலாம்.

நூலை மாற்றும்போது முடிச்சிட வேண்டாம். இரு நூல்களிலும் விரல் நீளம் விட்டுவைத்து, பின்னி முடித்தபின் மழுங்கிய ஊசியால் அந்நுனிகளைக் கண்ணிகளுக்குள் கோத்து மறைத்துவிடுங்கள்.

கம்பளியையும் அக்ரிலிக் நூலையும் ஒரே காலுறையில் கலக்காதீர்கள். வெந்நீரில் அலசினால் கம்பளி சுருங்கும். அக்ரிலிக் அவ்வாறு சுருங்காது. சுருங்கிய பட்டை காலை இறுக்கும். மேல்விளிம்பும் தளர்வாக இருக்கட்டும். கழற்றியபின் காலில் ஆழ்ந்த தடம் தெரிந்தால் அது இறுக்கமே.

மேலிருந்து கீழாகப் பின்னுவோர் விரல் நுனியை மேடின்றி மூட வேண்டும். இதற்கென ஒரு முறை உண்டு. 1914-1918 உலகப்போரின்போது பல நாட்டுப் பெண்கள் படைவீரர்களுக்குக் காலுறை பின்னி அனுப்பினர். அக்காலப் பிரிட்டானியப் போர் அமைச்சரின் பெயரால் ‘கிச்சனர் தையல்’ என்றே அம்முறை இன்றும் வழங்குகிறது. தையல் மேடு நடப்பவர் காலை வருத்தும் என்பது அன்றே அறிந்த செய்திதான்.

பயணத்தில் பின்னும்போது

காலுறை பயணத்துக்கு ஏற்ற வேலை. மடியில் அடங்கும், பையில் கனக்காது. மலைப்பாதை வளைவுகளில் மட்டும் ஊசியைப் பையில் வைத்துவிடுங்கள். திடீரென வண்டி நின்றால் ஊசி குத்தும், தலைசுற்றலும் வரும். சமவெளியிலும் காத்திருக்கும் அறையிலும் பின்னலாம். அரைமணிக்கு ஒருமுறை கைகளை நீட்டி மடக்கி, கணுக்காலை அசைத்து, இயலுமாயின் எழுந்து நடங்கள். கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போனால் எங்களிடம் சொல்லுங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது நீரிழிவு உள்ளவர்களிடம் மிகுதி.

அணிவதற்கு முன்

ஒவ்வொரு நாளும் காலுறைக்குள் கைவிட்டு, உட்புறம் முழுதும் விரலால் தடவிப் பாருங்கள். கையின் உணர்ச்சியும் குறைந்திருந்தால் வீட்டிலுள்ள வேறொருவர் பார்க்கட்டும். மாலையில் கழற்றியதும் பாதத்தின் அடிப்பகுதியையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால், வலி இல்லை என்று காத்திராமல் உடனே வாருங்கள். வழுவழுப்பான தரையில் காலுறையோடு மட்டும் நடக்க வேண்டாம்; வழுக்கும்.

சென்ற முறை அந்தத் தாயார் புதிய இணை ஒன்றைக் கொண்டுவந்தார். பாதப்பகுதி முழுதும் வெள்ளை. மேலே பழைய ஸ்வெட்டர்களின் வண்ணங்கள் அத்தனையும். “முதலில் நீங்கள் கைவிட்டுப் பாருங்கள், டாக்டர்” என்று நீட்டினார். பார்த்தோம், எங்கும் உறுத்தவில்லை. அதன்பிறகே கணவருக்கு அணிவித்தார்.

அடுத்தமுறை வரும்போது செருப்புடன் உங்கள் காலுறைகளையும் கொண்டுவாருங்கள். திருப்பிப் பார்க்க இனி நாங்கள் மறக்கமாட்டோம்.