துளையின் அளவு

(பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றிய தொடர்: 9)

இன்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் வேலையை இரும்புக்கும் கிளட்ச் தட்டுக்கும் விடாமல் எண்ணெயே ஏற்றுக்கொள்கிற விந்தையைப் பற்றிச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த எண்ணெய், சக்தியைக் கடத்துவதோடு திருப்தியடைந்து விடாமல், எந்த வேளையில் எந்த கியர் விழ வேண்டும், எவ்வளவு வேகத்தில் விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. அதன் தீர்மானத்தை நாம் சற்றே மாற்றியமைக்க உதவுகிற சில வில்சுருள்களும், ஒரு தகடும், துளையிடும் ஊசிகளும் அடங்கிய சிறு பொட்டலத்துக்குத்தான் ‘ஷிஃப்ட் கிட்’ என்று பெயர். இந்தப் பெயரைப் பரப்பியவர் கலிபோர்னியாவில் ‘டிரான்ஸ்கோ’ நிறுவனத்தை நடத்திய கில் யங்கர்.

செஞ்சி வட்டாரத்தைச் சேர்ந்த தளவானூரில், எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தயாரான ஒரு காரை வைத்திருக்கும் நண்பருக்காக இந்த வேலையைச் செய்துபார்க்கும் சந்தர்ப்பம் வாய்த்தது. இத்தகைய வண்டி அந்தக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது எப்படி என்று வாசகர்கள் வியக்கக்கூடும். தூதரகங்களில் ஓடிக் கழிந்த வெளிநாட்டுக் கார்களை அரசாங்கத்தின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்றுவந்த காலத்தில், சர்க்கார் அனுமதியில்லாமல் ஒரு புதிய அயல்நாட்டு வண்டியைக் கனவிலும் காண முடியாதவர்கள் அவற்றைப் போட்டிபோட்டு வாங்கினார்கள். அவை கைமாறிக் கைமாறி மாகாணத்தின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன.

ஆனால் வண்டி வந்த அளவுக்கு அதைப் பற்றிய ஞானம் வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் ஏற்படுத்திய, உதிரிகளை இணைத்துக் கார்களைப் பூட்டும் தொழிற்சாலை 1954இல் மூடப்பட்டது; டி.வி.எஸ். போன்ற ஸ்தாபனங்கள் தென்னாட்டில் ஷெவர்லே கார்களை விற்ற பொற்காலமும் சிறிது சிறிதாக மங்கியது. அதன்பிறகு நமது மெக்கானிக்குகளின் கைகள் பழகியதெல்லாம் அம்பாஸடர், பியட், சென்னைக்கு அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றில்தான். மூன்றும் கையால் கியர் போடும் வண்டிகள். ஒலியைக் கேட்டே எந்தப் பற்சக்கரத்தில் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடக்கூடிய சமர்த்தர்கள்கூட, ஆட்டோமேட்டிக் பெட்டியைக் கண்டால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவதற்குக் காரணம் சாமர்த்தியக் குறைவு அல்ல; பரிசயம் இல்லாமையே.

இதன் பூர்வ சரித்திரத்தை இரண்டொரு வாக்கியங்களில் முடித்துக்கொள்ளலாம். திரவத்தின் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் கருவிக்கு ஜெர்மனியில் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905இல் உரிமை பெற்றது கப்பல்களுக்காக. அதைக் காருக்குள் கொண்டுவந்து, கியர் தானாகவே மாறும் ஏற்பாட்டையும் கூடவே சேர்த்து, ஜெனரல் மோட்டார்ஸில் ஏர்ல் தாம்ஸன் தலைமையில் உருவான ‘ஹைட்ராமேட்டிக்’ பெட்டி, 1940ஆம் வருஷ மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் 57 டாலர் அதிக விலைக்கு விற்கப்பட்டது. யுத்த காலத்தில் அதே பெட்டி டாங்கிகளிலும் ஓடித் தன் திடத்தை நிரூபித்தது.

நமது நண்பரின் வண்டியில் இருப்பது அந்த வம்சத்தில் பிற்காலத்தில், 1969ஆம் வருஷ மாடல்களில் தோன்றிய ‘டர்போ ஹைட்ராமேட்டிக் 350’. முன்னே செல்ல மூன்று கியர்கள். அதன் அடிவயிற்றில், எண்ணெய்ச் சட்டிக்கு மேலே, வால்வு பாடி என்ற ஓர் உலோகப் பாளம் பொருத்தப்பட்டிருக்கிறது. வளைந்து நெளிந்து ஓடும் கால்வாய்களும், அவற்றின் குறுக்கே வழுக்கி நகரும் சிறு வால்வுகளும் நிறைந்த அந்தப் பாளத்தில்தான் பெட்டியின் புத்தி முழுவதும் அடங்கியிருக்கிறது. வண்டியின் வேகம் ஏற ஏற, ‘கவர்னர்’ என்ற சுழலும் உறுப்பு அனுப்பும் எண்ணெயின் அழுத்தம் ஏறி, கியர் வால்வை ஒரு பக்கத்திலிருந்து தள்ளுகிறது. ஓட்டுகிறவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜினின் உறிஞ்சு சக்தி குறைவதை ஒரு ரப்பர்க் குழாயின் மூலம் உணர்ந்துகொள்ளும் ‘மாடுலேட்டர்’, அதற்கு எதிரான அழுத்தத்தை மறுபக்கத்துக்கு அனுப்புகிறது. இவ்விரண்டுக்கும் நடக்கும் மல்யுத்தத்தில் கவர்னர் ஜெயிக்கிற கணத்தில் வால்வு நகர்கிறது. எண்ணெய் ஒரு தகட்டிலுள்ள துளையின் வழியே பாய்ந்து, கிளட்ச் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கிறது. மேல் கியர் விழுகிறது.

அந்தத் தகட்டுத் துளைதான் நமது கதாநாயகன். துளை சிறிதாக இருந்தால் எண்ணெய் மெதுவாகப் போய்ச் சேரும். தட்டுகள் ஒன்றையொன்று பற்றுவதற்கு அவகாசம் எடுக்கும். அந்த அவகாசத்தில் அவை உராய்ந்துகொண்டே வழுக்கும். போதாக்குறைக்கு, பாய்ந்து வரும் எண்ணெயில் ஒரு பகுதியை உள்வாங்கி அதன் வேகத்தைத் தணிக்க, வில்சுருள் வைத்த ‘அக்யூமுலேட்டர்’ என்ற உறுப்பும் உண்டு. இவை யாவும் பிழையினால் நேர்ந்தவை அல்ல. தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே செய்த ஏற்பாடுகள். புதுக் காரை வாங்க வந்த கனவான், பின் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் தம் மனைவியின் தோள் குலுங்காமல் கியர் மாற வேண்டும் என்று விரும்பினார். விற்பனைக் கூடத்தில் அந்த மிருதுத்தன்மைக்குத்தான் மதிப்பு இருந்தது. அந்த மிருதுத்தன்மைக்குரிய விலையை, ஒவ்வொரு தடவையும் அரை விநாடி போல வழுக்கிச் சூடேறும் கிளட்ச் தட்டுகள், பல்லாண்டுகளாகத் தவணை முறையில் கட்டிக்கொண்டு வருகின்றன. ஷிஃப்ட் கிட் என்றதும் அது பந்தயக்காரர்களின் விளையாட்டுப் பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. அளவோடு பிரயோகித்தால் அது முதிர்ந்த வண்டிக்கு ஆயுளைக் கூட்டும் சிகிச்சை. ஏனென்றால் உராயும் நேரம் குறைந்தால் உஷ்ணம் குறையும், உஷ்ணம் குறைந்தால் எண்ணெய் கருகுவதும் குறையும். 80 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் எண்ணெயின் வெப்பம் ஒவ்வொரு 11 டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் பாதியாகும் என்று தொழில்காரர்கள் போடும் தோராயக் கணக்கை, செஞ்சிப் பாறைகள் அனலைக் கக்கும் சித்திரை மாதத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் அலட்சியம் செய்வதற்கில்லை.

ஆயினும் சிகிச்சைக்கு முன்னே நோயைப் பரிசோதிக்க வேண்டும் அல்லவா? செஞ்சியிலிருந்து உதவிக்கு வந்திருந்த மெக்கானிக், வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “கியர் லேட்டா விழுது சார். ரெண்டாவதுக்குப் போறதுக்குள்ள இன்ஜின் கத்துது. விழுந்தாலும் வழுக்கிக்கிட்டேதான் விழுது” என்றார். காரின் சொந்தக்காரர், “கிட்டைப் போட்டா சரியாயிடும்னு சொன்னாங்களே தம்பி?” என்று கேட்டார். “அவசரப்படாதீங்க ஐயா, முதல்ல எண்ணெயைப் பார்ப்போம்” என்ற மெக்கானிக்கின் பதிலில், ஆட்டோமேட்டிக் பெட்டியை அதிகம் திறந்து பழகாத ஒருவரிடம் நான் எதிர்பார்த்திராத விவேகம் இருந்தது.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக் கம்பியை உருவி முகர்ந்து பார்த்தோம். எண்ணெய் சிவப்பு மங்கிப் பழுப்பேறியிருந்ததே தவிர, கருகல் நாற்றம் இல்லை. கருகல் வாடை வீசினால், அல்லது சட்டியைக் கழற்றும்போது அடியில் வழக்கமான சாம்பல் நிறச் சேற்றுக்குப் பதிலாகப் பளபளக்கும் உலோகச் சிம்புகள் கிடந்தால், கிட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் பெட்டியையே இறக்கித் தட்டுகளை மாற்றுவதுதான் முறை. தேய்ந்துபோன தட்டை எந்த வில்சுருளும் புதிதாக்கிவிடாது.

அடுத்தபடியாக, மாடுலேட்டருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயை விரலால் வளைத்துப் பார்த்ததில், அது வயோதிகத்தால் வெடித்திருப்பது தெரிந்தது. வெடித்த குழாயின் வழியே காற்று புகுந்தால், ஓட்டுகிறவர் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்திருப்பதாக மாடுலேட்டர் நினைத்துக்கொண்டு கியரைத் தாமதப்படுத்தும். குழாயை மாற்றியதுமே கியர் காலத்தில் விழத் தொடங்கிவிட்டது. நோயில் பாதி, சைக்கிள் கடையில்கூடக் கிடைக்கக்கூடிய ஒரு முழ ரப்பரில் இருந்தது. (இதே மாடுலேட்டரின் உட்சவ்வு கிழிந்திருந்தால், கியர் எண்ணெயை இன்ஜின் குடித்துவிட்டு வெள்ளைப் புகையாகக் கக்கும். எண்ணெய் எங்கே போகிறதென்று தெரியாமல் மாதந்தோறும் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) எஞ்சிய பாதிக்கு, அதாவது அந்த நீண்ட வழுக்கலுக்கு மட்டுமே கிட் தேவைப்பட்டது.

எண்ணெய்ச் சட்டியின் பதின்மூன்று போல்ட்டுகளையும் கழற்றி, ஒரு மூலையைத் தாழ்த்தி வடித்தால் ஏறத்தாழ மூன்று லிட்டர் வரும்; மற்றதெல்லாம், எண்ணெயின் வழியே சுழற்சியைக் கடத்தும் கன்வர்ட்டரில் தங்கிவிடும். வடிகட்டியை எடுத்துவிட்டு வால்வு பாடியை அவிழ்க்கும்போது, அதன் தகட்டையும் சேர்த்து உள்ளங்கையால் தாங்கிக்கொண்டே இறக்குவது அவசியம். இல்லாவிட்டால் கால் அங்குலக் குறுக்களவுள்ள நான்கு எஃகுக் குண்டுகள் உருண்டோடிப் போகும். எந்தக் குண்டு எந்தக் குழியில் இருந்தது என்று படம் வரைந்து வைத்துக்கொள்ளாதவர்கள், பிற்பாடு எவ்வளவு யோசித்தாலும் பிரயோஜனம் இல்லை. மெக்கானிக் பழக்கத்தின்படி கையில் எடுத்த பஞ்சு வேஸ்டை அப்புறம் வைக்கச் சொன்னேன். ஒரேயொரு நூலிழை வால்வின் இடுக்கில் சிக்கினாலும் அது நகராமல் நின்றுவிடும். மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றால் ஊதி உலர்த்துவதே சரி.

துளையைப் பெரிதாக்கும் கட்டம் வந்தது. கிட்டுடன் வந்த குறிப்பில், சாதாரண உபயோகத்துக்கு ஓர் அளவும் முரட்டு உபயோகத்துக்கு ஓர் அளவும் கொடுத்திருந்தார்கள். பெரிய அளவே நல்லதென்று சொந்தக்காரருக்கு ஒரு சபலம். துளையின் குறுக்களவைக் கால் பங்கு கூட்டினால் எண்ணெய் செல்லும் வழியின் பரப்பு பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது என்ற கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அதைவிட, அவருடைய ஊர்க் குகைக் கோயிலை நான் சுட்டிக்காட்டியதும் அவர் விளங்கிக்கொண்டார். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் தளவானூர்ப் பாறையில் குடையப்பட்ட சத்ருமல்லேசுவராலயத்தின் முகப்பில் மகர தோரணத்தைச் செதுக்கிய சிற்பி, ஒரு சில்லை அதிகமாகத் தட்டியிருந்தால் அதைத் திரும்ப ஒட்டவைத்திருக்க முடியாது. நம் தகட்டுத் துளையும் அப்படியே. பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. சிறிய அளவில் துளைத்து, ஓட்டிப் பார்த்து, போதாவிட்டால் மறுபடி திறப்பது என்று முடிவாயிற்று.

அளவு மீறினால் கேடு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கியர் விழும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தாற்போல் வண்டி குதிக்கும்; சில இளைஞர்களுக்கு இந்தக் குதிப்பில் ஒரு பெருமை. அந்த அடி முழுவதும் கிளட்சோடு நில்லாமல், இந்தப் பெட்டியில் இயல்பாகவே பலவீனமான உருளைக் கிளட்சின் மீதும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் கூட்டுகளின் மீதும், பின் அச்சுப் பற்களின் மீதும் இறங்குகிறது.

அக்யூமுலேட்டருக்குக் கிட்டில் வந்த விறைப்பான வில்சுருளை மாற்றினோம். குண்டுகள் குழியில் நிற்பதற்குக் கிரீஸ் வைக்கக் கூடாது. அது எண்ணெயில் கரையாமல் துளைகளை அடைக்கும். வாஸ்லைன் போதும், சூட்டில் உருகி எண்ணெயோடு கலந்துவிடும். பாளத்தின் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, டார்க் ரெஞ்சைக் கொண்டு படிப்படியாக முடுக்க வேண்டும். ஆவேசமாக முடுக்கினால் பாளம் கோணி, உள்ளே வால்வு சிக்கிக்கொள்ளும். புதிய கேஸ்கெட்டும் வடிகட்டியும் போட்டு, எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி, எல்லாக் கியர்களிலும் ஒருமுறை நெம்புகோலை நிறுத்தி எடுத்த பிறகு மறுபடி அளவு பார்த்தோம்.

செஞ்சிச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, இரண்டாவது கியர் விழுந்தது ஆசனத்தில் ஒரு மெல்லிய அழுத்தமாக மட்டும் தெரிந்தது. இன்ஜினின் கூச்சல் சட்டென்று அடங்கிற்று. சொந்தக்காரர் இன்னும் கொஞ்சம் உறுதியாக விழுந்தால் தேவலை என்றார். மெக்கானிக் தலையை அசைத்து மறுத்துவிட்டார். ரேடியேட்டருக்கு முன்னால் எண்ணெயைக் குளிர்விக்கும் தனிக் கூலர் ஒன்றைப் பொருத்தும்படி மட்டும் யோசனை சொன்னேன். இந்தப் பெட்டிக்குரிய உதிரிகளைத் தேடிச் சென்னைப் புதுப்பேட்டையின் காயலாங்கடைகளில் அலைந்தாலும் ஒரு தகடு கிடைப்பது துர்லபம். ஆகையால், கிட்டோடு வந்த தகட்டில்தான் துளைத்தோம். வண்டியிலிருந்து கழற்றிய ஆதித் தகட்டை எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி, குண்டுகளின் படத்தையும் அதனுள் வைத்து, சொந்தக்காரரின் பீரோவில் பூட்டிவைக்கச் சொல்லியிருக்கிறோம்.

(தொடரும்)